நூறு கோடியே ஏழு: ஒரு பகா எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"விடை மிகப் பெரியதாக இருக்கலாம், அதை 1000000007-ஆல் வகுத்து வரும் மீதியை அச்சிடுக." பெங்களூரில் கேம்பஸ் தேர்வோ ஆன்லைன் கோடிங் டெஸ்டோ எழுதியவர்களுக்கு இந்த வரி பழக்கமானது. ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை தேடும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு இந்த எண் மனப்பாடம். ஆனால் அதன் குணங்கள் தெரியாததால், சரியான வழியில் போன கணக்குகூட கடைசி வரியில் தவறிப் போகிறது. அதற்காகத்தான் இந்தப் பக்கம். கீழே 'ப' என்று வரும் இடமெல்லாம் ப = 1000000007, அதாவது 10⁹ + 7. 'மாட் ப' என்றால் ப-ஆல் வகுத்த மீதி.

இந்த எண் பகா எண் என்பதை நாமே சரிபார்க்க முடியுமா?

முடியும், மூன்று வழிகளில். முதல் வழி நேரடியாக வகுத்துப் பார்ப்பது. ப-வின் வர்க்க மூலம் 31622.7 சுற்று. அதுவரை உள்ள பகா எண்கள் 3401, கடைசியானது 31607. இவற்றில் எதுவும் ப-வை மீதியின்றி வகுக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. கணினிக்கு இது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

இரண்டாவது மில்லர்–ராபின் சோதனை. ப − 1 = 2 × 500000003; இரண்டு என்ற காரணி ஒரே முறைதான் வருகிறது. அதனால் சோதனை மிகச் சுருக்கம்: அ^500000003 மாட் ப கணக்கிட்டால் 1 அல்லது −1 (அதாவது 1000000006) வர வேண்டும். அ-வுக்கு 2, 3, 5, 7 போட்டால் முறையே 1, 1, −1, 1 வரும். இந்த நான்கு அடிகளையும் ஏமாற்றித் தப்பும் மிகச் சிறிய பகு எண் 3215031751. நம் எண் அதைவிடச் சிறியது. ஆகவே இந்தச் சோதனை வெறும் ஊகமாக நிற்காமல் முழு நிரூபணமாகிவிடுகிறது.

மூன்றாவது வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது: 1914-இல் போக்லிங்டன் தந்த தேற்றம். 500000003 பகா எண் என்று முதலில் காட்டிவிடுங்கள் (22360 வரை வகுத்தால் போதும்). பிறகு 2^(ப−1) மாட் ப = 1 என்றும், 2² − 1 = 3 என்ற எண்ணுக்கும் ப-வுக்கும் பொதுக் காரணி இல்லை என்றும் காட்டினால் ப பகா எண்தான். ப-வின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 8, எனவே 3 வகுக்காது. அவ்வளவுதான் நிரூபணம். ப − 1-இன் காரணிகள் தெரிந்துவிட்டால் ப-வைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. இந்தப் பக்கத்தில் இதைப் பல தடவை பார்க்கப் போகிறீர்கள்.

எந்த எண்ணாக இருந்தாலும் அது பகா எண்ணா என்று நிச்சயமாகவும் வேகமாகவும் சொல்லும் முறை உண்டா என்ற பழைய கேள்விக்கு 2002-இல் ஐஐடி கான்பூரில் விடை கண்டவர்கள் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. கயால் பின்னர் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் பணியாற்றியவர். கோட்பாட்டில் அது பெரிய வெற்றி. ஆனால் தேர்வில் எழுத மில்லர்–ராபின் போதும், அதுதான் வேகமும்கூட.

நூறு கோடியைத் தாண்டியதும் வரும் முதல் பகா எண் இதுதானா?

ஆம். 10⁹ + 1-ஐ 1001 வகுக்கும். ஆகவே 7, 11, 13 மூன்றும் அதன் காரணிகள். 10⁹ + 3 = 23 × 43478261. 10⁹ + 5-ஐ 3, 5 இரண்டும் வகுக்கும். நடுவில் உள்ளவை இரட்டைப்படை. பத்து இலக்கப் பகா எண்களில் மிகச் சிறியது இதுவே. நூறு கோடிக்குள் 50847534 பகா எண்கள் இருப்பதால், வரிசையில் இது 50847535-ஆவது. இதற்கு முந்தைய பகா எண் 999999937. இடைவெளி 70. இந்த அளவில் சராசரி இடைவெளி 21-ஐ ஒட்டியது; அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

கேள்வி தயாரிப்பவர்கள் ஏன் இதையே கொடுக்கிறார்கள்?

அளவுதான் முக்கியக் காரணம். 32 பிட் இன்ட் வகையில் அதிகபட்சம் 2147483647. இரண்டு மீதிகளைக் கூட்டினால் அதிகபட்சம் 2000000012, உள்ளே அடங்கிவிடும். மூன்றைக் கூட்டினால் அடங்காமல் போகலாம். இரண்டு மீதிகளின் பெருக்கல் 10¹⁸-ஐச் சற்றே தாண்டும். 64 பிட் லாங் லாங் 9.22 × 10¹⁸ வரை தாங்கும். எனவே 9 பெருக்கல்களின் கூட்டுத்தொகையை மாட் எடுக்காமல் சேர்த்து வைக்கலாம், குறியில்லாத வகையானால் 18. மேட்ரிக்ஸ் பெருக்கலில் ஒவ்வொரு அடிக்கும் மாட் எடுக்காமல் இப்படிச் சேர்த்து எடுத்தால் நேரம் நன்றாகக் குறையும்.

பகா எண் என்பது அடுத்த காரணம்: பூச்சியம் தவிர எல்லா மீதிக்கும் நேர்மாறு (பெருக்கினால் 1 தரும் மீதி) உண்டு, எனவே வகுத்தல் செய்யலாம். எழுதவும் நினைவில் வைக்கவும் எளிது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாட் எடுத்தும் விடை தப்பாக வருகிறது. எங்கே பார்ப்பது?

பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில் ஒன்று.

கழித்தல்: சி++, ஜாவா இரண்டிலும் மைனஸ் எண்ணை % போட்டால் மீதியும் மைனஸாகவே வரும். (அ − ஆ + ப) % ப என்று எழுதுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்று எண்களின் பெருக்கல்: அ × ஆ × இ என்று ஒரே மூச்சில் எழுதினால் 10²⁷ வரை போகும். முதல் இரண்டைப் பெருக்கி மாட் எடுத்த பிறகே மூன்றாவதைத் தொடுங்கள். இரண்டு இன்ட்களைப் பெருக்கி, விடையை லாங் லாங்கில் போடுவதும் இதே வகைத் தவறுதான். பெருக்கல் நடக்கும்போதே நிரம்பி வழிந்துவிடும். போய்ச் சேரும் பாத்திரம் பெரியதாக இருந்து பயனில்லை. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் 2⁵³ வரைதான் துல்லியம். அங்கே பிக்இன்ட் வேண்டும்.

ஒப்பீடு: மாட் எடுத்த பிறகு எது பெரியது என்று கேட்கவே கூடாது. பெரிய எண்ணின் மீதி 3 ஆகவும் சிறிய எண்ணின் மீதி 90 கோடியாகவும் இருக்கலாம். அதிகபட்சம் தேடும் டிபி (டைனமிக் புரோகிராமிங்) கணக்கில் உண்மை மதிப்பையோ அதன் மடக்கையையோ தனியாக வைத்து ஒப்பிட்டு, மீதியைப் பக்கத்தில் கொண்டு போக வேண்டும். மீதி பூச்சியம் என்றால் எண்ணும் பூச்சியம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு.

வகுத்தல்: மாட் எடுத்த எண்ணைச் சாதாரணமாக / போட்டு வகுப்பது. இதற்குத் தனி விடையே தேவை.

பாதி என்பதற்கு 500000004 என்று வருகிறதே, அது எப்படி?

இங்கே ½ என்றால் 'இரண்டால் பெருக்கினால் 1 வரும் மீதி' என்று பொருள். 2 × 500000004 = 1000000008 = ப + 1. மீதி 1. அதேபோல்

1/3 → 333333336
1/4 → 250000002
1/6 → 166666668
1/7 → 142857144
1/8 → 125000001
1/12 → 83333334

இவையெல்லாம் 1000000008-ஐ அந்தந்த எண்ணால் வகுத்ததுதான். ப + 1-க்கு இத்தனை சிறிய காரணிகள் எப்படி வந்தன என்று பாருங்கள். 10⁹ + 8 = 1000³ + 2³. கன எண்களின் கூட்டல் சூத்திரப்படி அது 1002 × 998004. மேலும் உடைத்தால் 2³ × 3² × 7 × 109² × 167. பள்ளியில் படித்த அந்த ஒரு சூத்திரம், நூறு கோடி அளவுள்ள எண்ணை எழுதுகோல் தாளிலேயே முழுதாகக் காரணிப்படுத்திவிடுகிறது. இந்தப் பிரிப்பை நினைவில் வையுங்கள், மறுபடி இரண்டு இடங்களில் வரும்.

5 இந்தப் பட்டியலில் இல்லை; 1/5 → 400000003 (2ப + 1-ஐ 5-ஆல் வகுத்தது). 1/10 → 700000005.

நேர்மாறு கணக்கிட எந்த முறை நல்லது?

ஒரே ஒரு எண்ணுக்கு என்றால் ஃபெர்மாவின் சிறு தேற்றம்: அ^(ப−2) மாட் ப. ப − 2 = 1000000005; இதை இரண்டடிமானத்தில் எழுதினால் 30 பிட், அவற்றில் 15 ஒன்றுகள். எனவே 29 வர்க்கப்படுத்தல், 14 பெருக்கல். மொத்தம் 43 பெருக்கல்களில் விடை. நீட்டிக்கப்பட்ட யூக்ளிட் முறையும் ஏறத்தாழ இதே வேகம்; வகு எண் பகு எண்ணாக இருந்தாலும் வேலை செய்யும் என்பது அதன் பலம். பைத்தான் 3.8 முதல் பவ் ஃபங்ஷனில் அடுக்காக −1-ஐயும் மூன்றாவதாக ப-வையும் கொடுத்தாலே போதும்.

1 முதல் ந வரை எல்லா எண்களுக்கும் வேண்டுமா? லூப்பில் ஒவ்வொன்றுக்கும் அடுக்கு போடாதீர்கள். நே(1) = 1 என்று தொடங்கி, நே(க) = (ப − ப/க) × நே(ப % க) % ப; இங்கே ப/க என்பது முழு எண் வகுத்தல். இது ஏன் சரி? ப = க × (ப/க) + (ப % க). இதன் மாட் பூச்சியம். இரு பக்கமும் நே(க), நே(ப % க) இரண்டாலும் பெருக்கினால் மேற்படி சூத்திரம் வரும்.

சேர்வுகள் கணக்கிட, காரணீயங்களை 10⁶ வரை ஓர் அரேயில் நிரப்புங்கள். கடைசிக் காரணீயத்துக்கு மட்டும் ஒருமுறை அடுக்கு போட்டு நேர்மாறு எடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து, ந!-இன் நேர்மாறை ந-ஆல் பெருக்கினால் (ந−1)!-இன் நேர்மாறு. அரே ஒன்றுக்கு 4 எம்பி வீதம் இரண்டு அரேக்கள். அதன் பிறகு எந்தச் சேர்வும் இரண்டே பெருக்கல்.

எனக்கு 142857145 என்று விடை வந்தது. உண்மையில் அது என்ன பின்னம்?

நிகழ்தகவுக் கணக்குகளில் பிழை தேட இது மிக உதவும். ஏனோ பலர் கற்றுக்கொள்வதே இல்லை. தொகுதியும் பகுதியும் 22360-ஐத் தாண்டாவிட்டால் (ப-வில் பாதியின் வர்க்க மூலம் அது) மீதியிலிருந்து பின்னத்தை ஒரே விதமாக மீட்கலாம். ப-வுக்கும் விடைக்கும் யூக்ளிட் முறையை ஓட்டுங்கள். மீதி 22361-க்குக் கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். மீதி எதுவோ அது தொகுதி, அதற்கு விடையின் எத்தனை மடங்கு போனதோ அது பகுதி.

வி = 142857145 என்க.
ப − 6வி = 142857137.
வி − (ப − 6வி) = 7வி − ப = 8.

8 சிறிய எண், நிறுத்தலாம். 7வி-யின் மீதி 8, ஆகவே வி = 8/7. எதிர்பார்த்தது 9/7 என்றால் தவறு எந்தப் படியில் என்று இப்போது தேடலாம். ஒன்பது இலக்க எண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுக்கிலும் அடுக்கு இருந்தால் அதையும் ப-ஆல் மாட் எடுக்கலாமா?

கூடாது. இந்தக் கணக்குகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான் என்று நினைக்கிறோம். அ^(ப−1) = 1 என்பதால் அடுக்குகள் ப − 1 = 1000000006 என்ற சுற்றில் திரும்ப வரும். எனவே அ^(ஆ^இ) கணக்கில் உள்ளே இருக்கும் ஆ^இ-ஐ 1000000006-ஆல் மாட் எடுத்து, பிறகு வெளியே ப-ஆல் எடுக்க வேண்டும். அ-வே ப-வின் மடங்காக இருந்தால் மட்டும் தனியாகக் கவனியுங்கள். அடுக்கு பூச்சியம் இல்லாதவரை விடை 0.

அடுக்கில் சேர்வு எண் வந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். 1000000006 பகா எண் இல்லை. இரட்டைப்படை எண்களுக்கு அங்கே நேர்மாறு கிடையாது. காரணீய நேர்மாறு உத்தி அங்கே நொறுங்கிவிடும். வழி இது: சேர்வை மாட் 2-இலும் மாட் 500000003-இலும் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். மாட் 2-க்கு லூகாஸ் தேற்றம்: கீழ் எண்ணின் ஒவ்வொரு ஒன்று-பிட்டும் மேல் எண்ணிலும் ஒன்றாக இருந்தால் சேர்வு ஒற்றைப்படை, இல்லையேல் இரட்டைப்படை. மாட் 500000003-க்கு வழக்கமான காரணீய முறை, அது பகா எண் என்பதால். பிறகு சேர்ப்பது சுலபம்: இரண்டாவது மீதியின் ஒற்றை-இரட்டைத் தன்மை முதல் மீதியோடு பொருந்தினால் அப்படியே விடுங்கள், பொருந்தாவிட்டால் 500000003 கூட்டுங்கள்.

'பாதுகாப்பான பகா எண்' என்கிறார்களே, இதுவும் அதில் சேர்த்தியா?

ஆம். ப = 2க + 1 என்ற வடிவில் இருந்து, க-வும் பகா எண்ணாக இருந்தால் ப-வை அப்படி அழைக்கிறார்கள். க = 500000003 பகா எண். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் க ஒரு சோஃபி ஜெர்மெய்ன் பகா எண்.

இதனால் கிடைக்கும் வசதி பெரியது. எந்த எண்ணின் சுற்று நீளமும் (அதன் அடுக்குகளில் முதன்முதலில் மீதி 1 தரும் அடுக்கு) ப − 1-ஐ வகுக்க வேண்டும். ஆகவே 1, 2, 500000003, 1000000006 என்ற நான்கே நீளங்கள் சாத்தியம். 1-க்கு நீளம் 1, −1-க்கு நீளம் 2. மற்ற எண்களில் வர்க்க மீதிகளுக்கு (மாட் ப-வில் ஏதோ ஓர் எண்ணின் வர்க்கமாக வருபவை) 500000003, மற்றவற்றுக்கு முழுச் சுற்று. அதாவது வர்க்க மீதி அல்லாத எந்த எண்ணும், −1 தவிர, முதன்மை மூலம் (முழுச் சுற்றும் ஓடும் எண்)! மொத்தம் 500000002 முதன்மை மூலங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2, 3 இரண்டும் வர்க்க மீதிகள் என்பதால் தவறிவிடுகின்றன, 4 வர்க்கமேதான். ப-வை 5-ஆல் வகுத்தால் மீதி 2, அதனால் 5 வர்க்க மீதி இல்லை. மிகச் சிறிய முதன்மை மூலம் 5.

1 ÷ 1000000007-இன் தசம விரிவு எவ்வளவு நீளத்தில் திரும்ப வரும்?

2 வர்க்க மீதி, 5 இல்லை. ஆகவே 10 வர்க்க மீதி இல்லை. முந்தைய விடைப்படி 10 ஒரு முதன்மை மூலம். தசம விரிவு 1000000006 இலக்கங்களுக்குப் பிறகே திரும்ப வரும். ப-வுக்கு இயலக்கூடிய அதிகபட்ச நீளம் அதுதான். 1/7-இல் 142857 என்ற ஆறு இலக்கம் சுற்றுவதைப் போன்றதே இது, நீளம்தான் வேறு. தொடக்கம் இப்படி:

0.000000000 999999993 000000048 999999657 000002400 …

ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் 7-இன் அடுக்குகள் மாறி மாறிக் கழிந்து கூடுவது தெரியும்: 1, −7, 49, −343, 2401. மைனஸ் வரும் இடத்தில் இடப்பக்கக் கட்டத்திலிருந்து ஒன்று கடன் வாங்கப்படுகிறது. 49 என்பது 48 ஆனது அதனால்தான். சுற்றின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் இலக்கத்துக்கு இலக்கம் கூட்டினால் எல்லா இடத்திலும் 9 வரும்.

மாட் ப-வில் வர்க்க மூலம் எடுப்பது எப்படி?

ப-வை 4-ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் டோனெல்லி–ஷாங்க்ஸ் போன்ற நீண்ட முறை தேவையில்லை: அ-வுக்கு மூலம் இருந்தால் அது அ^250000002. அடுக்கு (ப + 1)/4. கணக்கிட்ட பின் வர்க்கப்படுத்திப் பாருங்கள். −அ வந்தால் அ-வுக்கு மூலமே இல்லை என்று பொருள். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிட்டால் தவறான விடை சத்தமில்லாமல் உள்ளே புகுந்துவிடும்.

2-இன் மூலம் 59713600. அதன் வர்க்கம் 3565714024960000; இதிலிருந்து 3565714 × ப = 3565714024959998-ஐக் கழித்தால் 2. மற்றொரு மூலம் 940286407. −1-க்கு மூலம் கிடையாது, 5-க்கும் கிடையாது.

5-க்கு மூலம் இல்லாததால் என்ன நஷ்டம்?

ஃபிபனாச்சி எண்களுக்கான √5 சூத்திரத்தை நேரடியாகப் போட முடியாது. மேட்ரிக்ஸ் அடுக்கோ இரட்டிப்பு முறையோதான். இரட்டிப்பு முறையை நாங்கள் பரிந்துரைக்கிறோம்: ஃ(2க) = ஃ(க) × (2ஃ(க+1) − ஃ(க)), ஃ(2க+1) = ஃ(க)² + ஃ(க+1)². 10¹⁸-ஆவது ஃபிபனாச்சி எண்ணுக்கு 60 படிகள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் கழித்தலில் மைனஸ் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை எண்ணே ஒரு லட்சம் இலக்கம் நீளம் என்றால் அதைச் சுற்று நீளத்தால் மாட் எடுக்க வேண்டும். 5-க்கு மூலம் இல்லாததால் சுற்று ப − 1-ஐச் சேர்ந்ததாக இராது. 2(ப + 1)-ஐ வகுப்பதாக அமையும். இங்கே அது முழுதாக 2000000016. ப − 1-ஆல் மாட் எடுத்துவிட்டு விடை ஏன் பொருந்தவில்லை என்று திணறுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

1000000009-உம் சில கேள்விகளில் வருகிறது. இரண்டும் ஒன்றுபோலத்தானா?

இரண்டும் இரட்டைப் பகா எண்கள், இடைவெளி 2. ஆனால் குணத்தில் துருவங்கள். நடுவில் இருப்பது முன்பு உடைத்த 10⁹ + 8. ஏழில் முடியும் எண்ணுக்கு அது ப + 1. ஒன்பதுக்கோ அது 'ஒன்று குறைந்த' எண். ஒன்பதின் சுற்றுகளை ஆளும் எண் 2³ × 3² × 7 × 109² × 167 என்று பொடிப்பொடியாக உடைந்துவிடுகிறது. அதனால் மாட் 1000000009-இல் அடுக்கைத் திரும்பக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம்: போலிக்–ஹெல்மன் முறையில் ஒவ்வொரு காரணிக்கும் தனியாகக் கண்டு சேர்க்கலாம், 167-ஐவிடப் பெரிய தேடலே இல்லை. மாட் 1000000007-இல் அந்த முறை உதவாது, ஏனெனில் 500000003 உடையாது. அங்கே சிறுபடி–பெரும்படி முறைதான்: 31623 அளவுள்ள ஓர் அட்டவணை, அதே அளவு தேடல்.

ஒன்பதில் 5-க்கு மூலமும் உண்டு: 383008016. எனவே √5 சூத்திரம் அங்கே அப்படியே வேலை செய்யும். ஃபிபனாச்சி சுற்று நீளம் 333333336, அதாவது 10⁹ + 8-இல் மூன்றில் ஒரு பங்கு. ஏழுக்கு எழுதிய நிரலை ஒன்பதுக்கு எடுத்துப் போகும்போது மாறிலியை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் கவிழ்ந்துவிடுவீர்கள். வர்க்க மூலச் சுருக்கு வழியும் அங்கே செல்லாது. 4-ஆல் வகுத்தால் மீதி 1.

பல்லுறுப்புக் கோவைகளைப் பெருக்கும்போது மட்டும் 998244353 கொடுக்கிறார்களே?

அதிவேகப் பெருக்கலுக்குச் சுற்று நீளம் 2-இன் பெரிய அடுக்காக இருக்கும் மூலம் வேண்டும். 998244353 = 119 × 2²³ + 1; முதன்மை மூலம் 3; நீளம் 8388608 வரை ஓடும். நம் ப − 1-இல் 2 ஒரே முறைதான் இருப்பதால் நீளம் 2-க்கு மேல் நகராது. கட்டாயம் மாட் ப-வில்தான் வேண்டும் என்றால் 998244353, 167772161, 469762049 மூன்றிலும் தனித்தனியாகப் பெருக்கி (மூன்றுக்கும் 3 முதன்மை மூலம்), சீன மீதித் தேற்றத்தால் சேர்த்து, கடைசியில் ப-ஆல் மாட் எடுங்கள். மூன்றின் பெருக்கற்பலன் 7.8 × 10²⁵-ஐ ஒட்டி இருப்பதால், ஐந்து லட்சம் உறுப்புகளுக்கு வரும் 5 × 10²³ தாராளமாக அடங்கும்.

ஸ்ட்ரிங் ஹாஷுக்கு (எழுத்துத் தொடரை ஒரே எண்ணாகச் சுருக்குவதற்கு) இந்த ஒரு எண் போதுமா?

சில நூறு ஸ்ட்ரிங்குகள் என்றால் போதும். சுமார் 37000 வெவ்வேறு ஸ்ட்ரிங்குகளிலேயே எங்காவது ஒரு மோதல் (இரண்டுக்கு ஒரே எண் வருவது) நடக்கும் வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடும். ஒரு லட்சம் ஸ்ட்ரிங்குகளில் சராசரியாக 5 சோடிகள் மோதும். 2⁶¹ − 1-ஐப் பயன்படுத்துங்கள், அல்லது இரண்டு பகா எண்களைச் சேர்த்து. அடி எண்ணை ஒவ்வொரு ஓட்டத்திலும் ரேண்டமாக எடுங்கள். 31 என்று நிலையாக வைத்தால் அதை உடைக்கும் உள்ளீட்டை யாரும் முன்கூட்டியே தயாரித்துவிடலாம்.

பாதுகாப்பான பகா எண் என்றால் ரகசியக் குறியீட்டுக்கு ஆகுமா?

ஆகாது. 30 பிட் எண் இது. மேலே சொன்ன அட்டவணைத் தேடல் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வடிவம் சரி, அளவு போதாது. அந்த வேலைக்கு 2048 பிட் அளவிலாவது வேண்டும். அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்களோடு ஒப்பிட்டாலும் இது சின்னஞ்சிறியது: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1-க்கு 41024320 இலக்கங்கள்.

நூறு கோடியின் காரணீயத்தை, லூப் ஓட்டாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வில்சன் தேற்றப்படி (ப − 1)! மாட் ப = −1. ப − 1 என்பது 10⁹ + 6. ஆகவே (ப − 1)! என்பது 10⁹! × (10⁹+1) × … × (10⁹+6). கடைசி ஆறும் மாட் ப-வில் −6, −5, −4, −3, −2, −1, பெருக்கினால் 720. எனவே 10⁹! = −1/720 = 698611116. சரிபார்க்க: 720 × 698611116 = 503000003520; 503 × ப = 503000003521. ஒன்று குறைகிறது, அதாவது −1. ந-இன் மதிப்பு ப அல்லது அதற்கு மேல் போனால் காரணீயம் 0 ஆகிவிடும். அந்த எல்லையைத் தாண்டிய சேர்வுகளுக்கு லூகாஸ் தேற்றம்தான்.

என் நிரலைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த விடைகள் சில கிடைக்குமா?

அடுக்கு ஃபங்ஷனுக்கு: 2³⁰ → 73741817, 2³² → 294967268, 2⁶⁴ → 582344008. நேர்மாறுக்கு மேலே உள்ள பட்டியல். வர்க்க மூல ஃபங்ஷனுக்கு 2-ஐக் கொடுத்தால் 59713600 அல்லது 940286407 வர வேண்டும். 5-ஐக் கொடுத்தால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். 5^500000003-க்கு 1000000006 வராவிட்டால், அடுக்கு ஃபங்ஷனுக்குள் எங்கோ இன்ட் நிரம்பி வழிகிறது. பெருக்கும் வரியில் மாறிகளின் வகையை முதலில் பாருங்கள்.